அந்த நாலு சைக்கிள் பெண்களைத் தமிழுக்குக் கூட்டி வாருங்கள்

தமிழில் காமிக்ஸ் வெளியிடுகிற எல்லோருக்கும் வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையோரம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெண்கள் நாயகிகளாக வருகிற வெளிநாட்டுக் காமிக்ஸ்களைத் தமிழில் கொண்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். என் சித்தப்பா ஒரு தகரப்பெட்டி நிறைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களைச் சேர்த்து வைத்திருந்தார். கோடை விடுமுறையில் நாங்கள் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் கிடப்போம். நான் எழுத்துக்கூட்டாமல் வேகமாகத் தமிழ் படிக்கப் பழகியது அந்தப் பேச்சு பலூன்களில்தான். இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அந்தக் கை மட்டும் தெரியுமே, அதை அப்படியே விளையாடுவோம், அண்ணன்கள் முறை வைத்து மாயாவி ஆவார்கள், நான் கடத்தப்படுகிற பெண். ஒரு தடவைகூட மாறியதில்லை.

ஆனால் அதே பெட்டியில் 1984-ல் வந்த லயனின் முதல் இதழும் இருந்தது. அதன் நாயகி மாடஸ்டி, நம் ரசிகர்கள் இன்றைக்கும் இளவரசி என்று கூப்பிடுகிற அதே மாடஸ்டி. யோசித்துப் பாருங்கள், சிவகாசியிலிருந்து புதிதாக ஒரு காமிக்ஸ் தொடங்குகிறார்கள், முதல் இதழையே ஒரு பெண்ணை நம்பி இறக்குகிறார்கள். அந்தத் துணிச்சல் தமிழில் ஏற்கெனவே இருந்தது என்பதால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்க முடிகிறது.

போன வருடம் லீவுக்கு அக்கா மகள் வந்திருந்தாள், எட்டாம் வகுப்பு. என் தம்பி சென்னையிலிருந்து கொண்டு வந்த ஆங்கிலக் காமிக்ஸ்கள் வீட்டில் கிடந்தன, அதில் 'பேப்பர் கேர்ள்ஸ்' என்று ஒன்றை எடுத்து வந்து படித்துச் சொல்லச் சொன்னாள். பிரையன் கே. வான் எழுதி கிளிஃப் சியாங் வரைந்தது, 2015-ல் தொடங்கி 30 இதழ்கள். 1988 நவம்பர் 1, இன்னும் விடியவில்லை, அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் 12 வயதுப் பெண்கள் நாலு பேர் சைக்கிளில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறார்கள், அப்படியே எதிர்காலத்திலிருந்து வந்தவர்களின் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். காப்பாற்ற எந்த அண்ணனும் வரவில்லை. சைக்கிள், பேப்பர் கட்டு, வாக்கி-டாக்கி, ஒரு ஹாக்கி மட்டை, இந்த மாதிரிச் சாமான்கள்தான் அவர்களிடம். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நாலைந்து பேராகப் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அந்தப் படங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதில் ஒரு இடம். எரின் என்கிற பெண் காலம் தாண்டிப் போய், நாற்பது வயதான தன்னையே நேரில் பார்க்கிறாள். அக்கா மகள் பக்கத்தைத் திருப்ப விடாமல் கையை வைத்துக்கொண்டாள். "சித்தி, பெரியவளானதும் இவளுக்கு இவளையே பிடிக்கலையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் நாற்பது வயதில் எப்படி இருப்பாள், நான் பன்னிரண்டு வயதில் என்ன ஆக நினைத்தேன், இப்போது என்னவாக இருக்கிறேன் என்று. மாயாவியைப் படித்துவிட்டு நான் யாருடனும் இப்படிப் பேசியதில்லை.

அப்புறம் 'நௌசிகா'. ஹயாவோ மியாசாகி 1982-லிருந்து 1994 வரை கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து முடித்த மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். புதியது இல்லைதான், ஆனால் எனக்கு இப்போதுதான் கிடைத்தது. பெரும் போர் ஒன்றில் உலகம் அழிந்து ஆயிரம் வருடம் ஆகிவிட்டது, நஞ்சைக் கக்கும் காடு ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வருகிறது, எல்லோரும் அதைக் கொளுத்தப் பார்க்கிறார்கள். கடற்காற்று காப்பாற்றுகிற ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் இருக்கிற நௌசிகா மட்டும் அந்தச் செடிகளை ரகசியமாக வளர்த்துப் பார்க்கிறாள். நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் கொடுத்தால் அவை நஞ்சைக் கக்குவதில்லை! நஞ்சு மண்ணில் இருந்தது, காடு அதை உறிஞ்சிச் சுத்தம் செய்கிறது. இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உரமும் மருந்தும் போட்டுப் போட்டு வயல் செத்துப்போச்சு என்று எங்கள் அப்பா திண்ணையில் சொல்லிக்கொண்டிருப்பதை, ஜப்பானில் ஒருவர் ஒரு பெண்ணின் கையில் செடியைக் கொடுத்து வரைந்திருக்கிறார்.

ஒரு புத்தகக் கண்காட்சியில், காமிக்ஸ் கடையில் இருந்தவரிடம் இந்த மாதிரிக் கதைகள் தமிழில் வருமா என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைங்க எங்கம்மா காமிக்ஸ் வாங்குறாங்க" என்றார். நல்ல மனிதர்தான், கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எதை வாங்க வேண்டும்? அடுக்கி வைத்திருந்த அட்டைகளில் குதிரையும் துப்பாக்கியும்தான் இருந்தன. எனக்கும் கௌபாய் கதைகள் பிடிக்கும், அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை.

பெண்ணும் மாயமும் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் அவர்களைப் பூம்புகாருக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். காவிரி கடலில் கலக்கிற அந்த ஊரிலிருந்துதான் மணிமேகலையைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய்த் தீவில் விட்டது. வானத்தில் பறக்க, வேற்று உருவம் எடுக்க, பசி தெரியாமல் இருக்க என்று மூன்று மந்திரங்களோடும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடும் திரும்பி வந்தாள், சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றச் சொல்லி மன்னனிடம் கேட்டு வாங்கினாள். இதைச் சாத்தனார் எழுதிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பெண் நாயகி எடுபடாது என்று எப்படிச் சொல்வது?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். உரிமை வாங்குவது, ஆர்ட் பேப்பர் விலை, சந்தா எண்ணிக்கை இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வருடத்துக்கு ஒரே ஒரு தொடராவது எடுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது, மார்ஜோரி லியு எழுத சனா டகேடா வரைந்த 'மான்ஸ்ட்ரஸ்' மாதிரி ரத்தமும் கொடூரமும் உள்ளவை பெரியவர்களுக்குத்தான். அதை அட்டையிலேயே போட்டுவிடுங்கள். ஆனால் அதையும் கொண்டு வாருங்கள், ஒரு கையை இழந்த மாயிகாவைப் போல ஒரு நாயகியையும், டகேடா பக்கம் பக்கமாக இழைத்திருக்கிற அந்த ஓவியத்தையும் தமிழ் எழுத்தோடு பார்க்க எனக்கு ஆசை.

மொழிபெயர்ப்பைப் பெண்களிடமும் கொடுங்கள். 'பேப்பர் கேர்ள்ஸ்' நாலு பேரில் ஒருத்தியான மாக் வாயைத் திறந்தாலே வசவுதான், அதை நான் எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் குழாயடியில் சண்டை போடுகிற தமிழில் சொன்னபோதுதான் அக்கா மகள் அவளைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டாள். அந்த நாலு பேரும் நாலு விதமாகப் பேச வேண்டும். எல்லோரும் ஒரே செந்தமிழில் பேசினால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

அக்கா மகள் ஊருக்குப் போகும்போது 'பேப்பர் கேர்ள்ஸ்' மூன்றாவது தொகுப்பில் பாதியில் நின்றோம். மீதியைப் போனில் வாரம் ஒரு நாள் படித்துச் சொல்கிறேன், படத்தை அனுப்பிவிட்டு நான் பேசுவேன், அவள் கேட்பாள். முன்பதிவு எப்போது என்று மட்டும் அறிவியுங்கள், இரண்டு பிரதிக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று அவளுக்கு, ஒன்று சித்தப்பாவின் தகரப்பெட்டிக்கு.

அன்புடன்,
குடமுருட்டிக் கரை வாசகி