அசுலாவை மன்னிக்கலாமா என்று யாரைக் கேட்கிறீர்கள்?

வெள்ளவத்தையில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, கார்ட்டூனும் அனிமேயும் கதைக்கும் தம்பி தங்கைமாருக்கு,

வணக்கம். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் வைத்திருக்கிற தலைப்பைப் பார்த்தேன். ‘அசுலாவை மன்னிக்கலாமா, கூடாதா?’ முடிவில் கை உயர்த்தி வாக்கெடுப்பும் உண்டாம். அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே வாதம் கொட்டாஞ்சேனை ரியூஷன் வகுப்பு வாசலிலும் நடக்கிறது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நடக்கிறது. ஆகவே எல்லாரும் வாசிக்கட்டும்.

ரோல்ஸுக்கும் பிளேன்டீக்கும் மட்டும் வருகிறவர்களுக்காக ஒரு சுருக்கம். ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த தொடர். மொத்தம் 61 அத்தியாயங்கள். (நீலத் தோல் மனிதர்கள் வரும் படம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நெருப்பு தேசத்து இளவரசி அசுலாவுக்கு வயது 14. அவளுக்குப் பள்ளித் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி மேய், கத்தி எறிவதில் கெட்டிக்காரி, எதற்கும் முகம் மாறாதவள். மற்றவள் டை லீ. எப்போதும் சிரித்த முகம், சர்க்கஸில் சேர்ந்துவிட்டவள். மூன்றாவது பருவத்தில், கொதிக்கும் ஏரிக்கு நடுவில் இருக்கிற சிறைச்சாலையில், இருவரும் அசுலாவுக்கு எதிராகத் திரும்புகிறார்கள். அதற்குப் பிறகு மூவரும் சேர முடியுமா என்பதுதான் சண்டை.

உங்களில் ஒரு பாதி, "பதினாலு வயதுப் பிள்ளை, தகப்பன் வளர்த்த வளர்ப்பு அப்படி, பாவம்" என்கிறது. மற்றப் பாதி, "கதாநாயகன் ஆங்கின் முதுகில் மின்னலை இறக்கியவளுக்கு என்ன மன்னிப்பு?" என்கிறது. இரண்டு பக்கமும் அசுலாவைப் பற்றியே கதைக்கிறது. மேய்க்கும் டை லீக்கும் இதில் என்ன விருப்பம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பயந்து பயந்து கூட இருந்தவர்கள் அவர்கள். மன்னிக்கிற உரிமை மட்டும் சோபாவில் சாய்ந்திருக்கிற எங்களுக்கோ?

சர்க்கஸ் காட்சியைத் திரும்பப் பாருங்கள். இரண்டாவது பருவத்தின் மூன்றாவது அத்தியாயம். அசுலா வந்து, தன்னோடு புறப்பட்டு வரும்படி டை லீயைக் கேட்கிறாள். டை லீ மரியாதையாக மறுக்கிறாள்: இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறாள். அசுலாவுக்குக் கோபம் வரவில்லை. சரி, போவதற்கு முன் உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சிறப்பு விருந்தாளிக்குரிய ஆசனத்தில் போய் இருக்கிறாள். டை லீ மேலே கம்பியில் தலைகீழாக நிற்கிறாள். கீழே வலை. அசுலா சர்க்கஸ் முதலாளியைப் பக்கத்தில் கூப்பிட்டு, வலையை எடுக்க முடியாதா என்று கேட்கிறாள். அவர் தயங்க, அப்படியானால் கொளுத்திவிடு என்கிறாள். அதுவும் போதாது, ஆபத்தான மிருகங்கள் எவையெவை இருக்கின்றன என்று விசாரித்து, எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்கிறாள். அந்த உயரத்தில் கையூன்றி நிற்கிற பிள்ளையின் முகம் மாறுவதைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அசுலா உள்ளே போய், நாளைக்கு இதைவிட எப்படிச் செய்வாயோ, பார்க்க ஆவலாக இருக்கிறது என்று பாராட்டுகிறாள். டை லீ சிரித்த முகத்தோடேயே, நாளைக்கு ஆட்டம் இல்லை, உன்னோடு வருகிறேன் என்கிறாள்.

நகைச்சுவைக் காட்சி என்றுதான் நாங்கள் பார்த்துப் பழகிவிட்டோம். சிரிப்பும் வரும். ஆனால் ‘இல்லை’ என்று சொன்ன ஒரு சிநேகிதிக்கு வலையைக் கொளுத்திப் பதில் சொன்ன காட்சி அது.

மேயின் கதை இன்னும் மோசம். அதே அத்தியாயத்தில் அவளுடைய குட்டித் தம்பி டொம்-டொம் எதிர்த்தரப்பின் கையில் அகப்பட்டுவிடுகிறான். நெருப்பு தேசம் பிடித்துவைத்திருக்கிற ஓமாஷு நகரத்து மன்னர் புமியைக் கொடுத்துத் தம்பியை மீட்கலாம் என்று ஏற்பாடு. பரிமாற்றம் நடக்கப்போகிற இடத்தில் அசுலாவுக்குத் திடீரென ஒரு யோசனை: இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் அரசனா? கணக்குச் சரியில்லையே. மேய் மறுபேச்சுப் பேசவில்லை. பேரம் முறிந்தது என்று அவளே தன் வாயால் அறிவிக்கிறாள். தன் சிநேகிதியை அவள் விளிக்கிற விதம், "இளவரசி அசுலா". ஒன்றாகப் படித்த பிள்ளைகள்!

இன்னும் பின்னால் போனால், அசுலாவின் அண்ணன் சூகோ தனியே அலைகிற அத்தியாயத்தில் அவர்களின் சின்ன வயது வருகிறது. டை லீ கரணம் அடித்துக் காட்டுகிறாள். அசுலாவுக்கு அது சரியாக வரவில்லை. உடனே டை லீயைத் தள்ளி விழுத்துகிறாள். மேயின் தலையில் அப்பிளை வைத்து அதற்கு நெருப்பு வைக்கிறாள். ஆக, சிறைச்சாலையில் உடைந்தது என்ன? அழகான பழைய நட்பு ஒன்று அங்கே உடையவில்லை. ஒருத்தி கட்டளையிட, இரண்டு பேர் சமாளித்துப்போன ஓர் ஏற்பாடுதான் முடிவுக்கு வந்தது. ‘பழையபடி சேருவார்களா’ என்று கேட்கும்போது, இந்தப் பழையபடிக்கா அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறீர்கள்?

கோவில் கதாப்பிரசங்கத்தில் துரோணர் துருபதன் கதை கேட்டிருப்பீர்கள். ஒரே குருகுலத்தில் படித்த இருவர். அரசனான பிறகு, வறுமையோடு வந்த பழைய சிநேகிதனைப் பார்த்து, ஆண்டிக்கும் அரசனுக்கும் என்ன நட்பு என்று துருபதன் கேட்டுவிட்டான். துரோணர் தன் மாணாக்கரை ஏவி அவனைக் கட்டி இழுத்துவரச் செய்து, பாதி நாட்டை எடுத்துக்கொண்டு, இப்போது இருவரும் சமம், இனி நண்பர்கள் என்றார். துருபதன் தலையாட்டினான். பிறகு போய், துரோணரைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று யாகம் செய்தான். கட்டிவைத்துச் சம்மதம் வாங்கிய நட்பு குருக்ஷேத்திரத்தில் துரோணரின் தலையோடுதான் முடிந்தது. அசுலா காலமெல்லாம் செய்ததும் துரோணர் செய்த அந்த வேலைதான்.

சரி, அப்படியானால் சேரவே மாட்டார்களா? அப்படியும் நான் சொல்லவில்லை. ஏனென்றால் கடற்கரை அத்தியாயம் இருக்கிறது.

மூன்றாவது பருவத்தின் ஐந்தாவது அத்தியாயம். அசுலா, மேய், டை லீ, சூகோ என்று நான்கு இளசுகளும் ஒரு தீவுக்கு விடுமுறைக்குப் போகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை அன்றைக்கு அவர்களுக்கு இல்லை. கரப்பந்தாட்டம், ஒரு பணக்காரப் பெடியனின் வீட்டு விருந்து, வீண்சண்டை, அவ்வளவுதான். விருந்தில் பெடியன்கள் எல்லாரும் டை லீயைச் சுற்றி நிற்கிறார்கள். அசுலாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் டை லீயிடம் மிகக் கேவலமாக ஒன்று சொல்லிவிடுகிறாள். டை லீ அழுகிறாள். அப்போது நடப்பதைக் கவனியுங்கள். அசுலா சற்றுத் தடுமாறி, நான் அதை வேண்டுமென்று சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமையாக இருந்திருக்கலாம் என்கிறாள். 61 அத்தியாயங்களில் அசுலா மனதாரக் கேட்கிற மன்னிப்பு என்று நான் எண்ணுவது அந்த ஒன்றைத்தான். டை லீக்கு நம்பவே முடியவில்லை. உன்னைப் போல அழகி, கெட்டிக்காரி உண்டா, நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதா என்கிறாள். பிறகு பெடியன்களோடு எப்படிக் கதைப்பது என்று வகுப்பே எடுக்கிறாள்: அவர்கள் எதைச் சொன்னாலும் சிரித்துவிடு.

அந்த ஓரிரு நிமிடம் கட்டளை இல்லை, பயம் இல்லை. ஒருத்திக்குத் தெரியாததை மற்றவள் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையைக் கடந்து போய்க் கல்லில் குந்தியிருந்து கதைக்கிற எந்தப் பெட்டைகளும் கதைக்கிற கதைதான். அதனால்தான் டை லீயோடு அவளுக்கு ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறேன்.

மேயோடு அப்படி ஒரு நிமிடம்கூட இல்லை. சிறைச்சாலையில் சூகோவும் மற்றவர்களும் தொங்குவண்டியில் தப்புகிறார்கள். கம்பியை அறுக்கக் காவலர்கள் முனைகிறபோது மேய் கத்திகளை எறிந்து அவர்களைத் தடுக்கிறாள். இதை உன்னிடம் எதிர்பார்க்கவில்லை என்று அசுலா சொல்ல, நீ நினைக்கிற அளவுக்கு உனக்கு மனிதர்களைத் தெரியாது, உன் மேலுள்ள பயத்தைவிடச் சூகோ மேலுள்ள அன்பு எனக்குப் பெரிது என்கிறாள் மேய். அசுலாவின் பதில்: நீ என்னை இன்னும் பயந்திருக்க வேண்டும். அவள் கை ஓங்குகிற நேரத்தில் டை லீ பாய்ந்து, நரம்புப் புள்ளிகளில் குத்தி அவளை விழுத்துகிறாள். இரண்டு பேரையும் என் கண்ணில் படாத இடத்தில் போட்டு அழுகவிடுங்கள் என்று கத்துகிறாள் அசுலா. (டை லீயை முதுகில் குத்தியவள் என்று உங்கள் கூட்டத்தில் யாரோ சொன்னார்களாம். சிநேகிதியைச் சாகவிடாமல் தடுத்தவளை அப்படிச் சொன்னவர் ஒருதரம் கண்ணைக் கழுவிக்கொண்டு பார்க்கட்டும்.)

அதற்குப் பிறகு அசுலா உடைந்துபோவது எல்லாருக்கும் தெரிந்த கதை. செர்ரிப் பழத்தில் கொட்டை இருந்ததற்காகப் பணிப்பெண்ணை நாடுகடத்துகிறாள். தன் தலைமயிரைத் தானே வெட்டுகிறாள். கண்ணாடியில் தெரிகிற தாயிடம், நம்புகிறவர்கள் முட்டாள்கள், பயம் ஒன்றுதான் நிச்சயம் என்று வாதாடுகிறாள். இரண்டு சிநேகிதிகள் போனதில் இவ்வளவு உடைகிறவளுக்கு அவர்கள் வெறும் வேலைக்காரர்களாக இருந்திருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தி உடைந்துபோனாள் என்பதற்காக மற்ற இருவரும் கடன்காரர் ஆகிவிடுவதில்லை.

தொடர் முடிந்த பிறகு வந்த காமிக்ஸ்கள் மேயின் பக்கத்தை இன்னும் இறுக்கிவிட்டன. ‘ஸ்மோக் அண்ட் ஷேடோ’வில் பேய் வேடம் போட்டுப் பிள்ளைகளைக் கடத்துகிற கூட்டத்துக்குப் பின்னால் இருப்பது அசுலா. கடத்தப்பட்ட பிள்ளைகளில் அதே டொம்-டொம்மும் ஒருவன். ஒரே தம்பி, இரண்டாம் தரம். 2023இல் அவளை மட்டும் வைத்து வந்த புத்தகத்திலும் அவள் திருந்தி வெளியே வரவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து நடக்கிற அடுத்த தொடரான ‘த லெஜண்ட் ஆஃப் கோரா’வோ இந்த மூவரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"‘நருட்டோ’ அனிமேயில், விட்டுப்போன சிநேகிதன் சசுகேயை நருட்டோ சேர்த்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்பீர்கள். சேர்த்துக்கொண்டான், இருவரும் ஆளுக்கொரு கையை இழந்த பிறகு. ஆனால் அங்கே அடிபட்டவன்தான் விடாமல் துரத்திப் போனான். அது அவனுடைய விருப்பம். மறுபக்கத்தில் ‘போஜாக் ஹோர்ஸ்மன்’ என்ற கார்ட்டூன் இருக்கிறது. ஹேர்ப்பின் வேலை பறிபோன நேரத்தில் அவனைக் கைவிட்ட நண்பன் போஜாக் வருடக்கணக்கில் கழித்து வந்து மன்னிப்புக் கேட்கிறான். சாகக் கிடக்கிற ஹேர்ப் முடியாது என்கிறான், நீ இதோடேயே வாழ வேண்டும் என்கிறான். எனக்குத் தெரிந்து கார்ட்டூனில் அவ்வளவு நேர்மையான காட்சி குறைவு. ஹேர்ப் கல்நெஞ்சன் என்று யாரும் வாக்கெடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கிற ஊர் கொழும்பு. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்கும் என்று ஓர் ஆணைக்குழு அமைத்த நாடு இது. காணாமல்போன பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்தபடி அதன் முன்னால் வந்து நின்ற தாய்மார் கேட்டது, பிள்ளை எங்கே என்று. 2011இல் அறிக்கை வந்தது. அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கார்ட்டூனையும் அதையும் நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆனால் ‘பழசை மறந்துபோட்டுச் சேருங்கோ’ என்று மூன்றாம் ஆள் சொல்கிற குரல் எங்களுக்கு நன்றாகவே பழக்கம். சனிக்கிழமைப் பொழுதுபோக்கில்கூட அந்தக் குரலில் நாங்கள் கதைக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால் இப்படித்தான் நடக்கும். டை லீ இப்போது கியோஷி வீராங்கனைகள் என்ற பெண் போர்வீரர் குழுவோடு இருக்கிறாள்; ஒன்றுபோல இருக்கிற ஏழு சகோதரிகளில் ஒருத்தியாக வளர்ந்து, யாரும் தன்னைத் தனியாகப் பார்க்கவில்லை என்று அழுதவளுக்குத் தன் இஷ்டத்துக்குத் தெரிந்தெடுத்த ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது. அசுலா அவளை ஒருநாள் வரச்சொல்லிக் கேட்கலாம். டை லீ மாட்டேன் என்று சொல்லலாம். அந்த ‘மாட்டேன்’ காதில் விழுந்த பிறகும் அசுலா எதையும் கொளுத்தாமல், சரி என்று திரும்பிப் போனால், அன்றைக்குத்தான் ஏதோ தொடங்கும். அடுத்த முறை டை லீ தானாகவே வந்தாலும் வருவாள், அவள் சுபாவம் அப்படி. மேய் வரமாட்டாள். வழியில் கண்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். அதையும் குறையாகப் பார்க்க வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. தலைப்பை ‘மேயும் டை லீயும் என்ன செய்வார்கள்?’ என்று மாற்றுங்கள். வாக்கெடுப்பு வேண்டும் என்றால் இருவருக்கும் தனித்தனியாக எடுங்கள். ஒருத்தி சேர்ந்து மற்றவள் சேராமலும் இருக்கலாம், உங்கள் ஒற்றைக் கேள்வியில் அதற்கு இடமே இல்லை. என் வாக்கு இப்போதே: டை லீக்கு ஆம், மேய்க்கு இல்லை. எதிர்த்துக் கதைக்க விரும்புகிறவர்கள் சர்க்கஸ் அத்தியாயத்தையும் கடற்கரை அத்தியாயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டும் சேர்த்து ஒரு மணித்தியாலம்கூட ஆகாது.

அன்புடன்,
பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா