அந்த ஆறு வரிகளை எடுத்துவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் பேய்க்கதைச் சிறப்பிதழை வாங்கிய அன்று இரவே படித்து முடித்துவிட்டேன். உடனே எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று இரண்டு நாள் பொறுத்துத்தான் இதை எழுதுகிறேன், ஆனாலும் கோபம் ஆறவில்லை. ஜப்பானியக் கதைக்கு மேலே கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: ‘மூலத்தில் முடிவு இல்லாததால் வாசகர்களின் வசதிக்காக நாங்களே நிறைவு செய்திருக்கிறோம்.’ முப்பது வருடத்துக்கு மேல் உங்கள் இதழை வாங்குகிறவள் நான். இந்த வசதியை நான் எப்போது கேட்டேன்?

அந்தக் கதையை எழுதிய லஃப்காடியோ ஹெர்ன் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரேக்கத் தீவு ஒன்றில் 1850-இல் பிறந்து, 1890-இல் ஜப்பானுக்குப் போய், அங்கேயே மணம் முடித்து, கோய்சுமி யாகுமோ என்று பேரையும் மாற்றிக்கொண்டு, அந்த ஊர்ப் பழங்கதைகளைத் திரட்டி எழுதியே 1904-இல் செத்துப்போன மனிதர். அவர் 1902-இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது இந்தத் தேநீர்க் கோப்பைக் கதை. செகினாய் என்ற வீரன் ஒரு தேநீர்க் கடையில் கோப்பையை எடுக்கிறான், உள்ளே தன்னுடையதல்லாத ஒரு முகம் தெரிகிறது, அழகான இளைஞனின் முகம். கொட்டிவிட்டு வேறு கோப்பையில் ஊற்றினாலும் அதே முகம், இப்போது சிரிக்கிறது. ஒரு வேகத்தில் அப்படியே குடித்துவிடுகிறான். அன்று இரவு காவலில் இருக்கும்போது அதே முகத்தோடு ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்து, காலையில் என்னைக் காயப்படுத்தினாயே என்கிறான். செகினாய் கத்தியை ஓங்குகிறான், வந்தவன் சுவருக்குள் புகுந்து போய்விடுகிறான். மறுநாள் இரவு அவனுடைய ஆட்கள் மூன்று பேர் வந்து, எஜமானர் காயத்தோடு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருக்கிறார், அடுத்த மாதம் பதினாறாம் தேதி திரும்பி வந்து பழி தீர்ப்பார் என்கிறார்கள். செகினாய் வாளை உருவிக்கொண்டு பாய்கிறான், மூன்று பேரும் சுவர்ப்பக்கம் தாவுகிறார்கள். அவ்வளவுதான். பழைய கதை அந்த இடத்தில் அறுந்துபோகிறது.

ஹெர்னுக்கு முடிவு கட்டத் தெரியாமல் இல்லை. பல முடிவுகள் தோன்றுகின்றன, ஆனால் எதுவும் நிறைவு தராது, ஓர் ஆன்மாவை விழுங்கினால் என்ன ஆகும் என்பதை வாசகரே யோசித்துக்கொள்ளட்டும் என்று அவரே அந்தக் கதையின் கடைசியில் எழுதியிருக்கிறார். நீங்கள் அதை வெட்டிவிட்டு ஆறு வரி சேர்த்திருக்கிறீர்கள். எதிரி ஒருவன் தேநீரில் மருந்து கலந்துவிட்டானாம், முகமும் ஆட்களும் மயக்கத்தில் தெரிந்தவையாம், வைத்தியர் கஷாயம் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாம். பதினாறாம் தேதி என்று ஒரு தேதி கொடுத்திருக்கிறதே, அந்தத் தேதி வராமலே நிற்பதுதானே அந்தக் கதையின் பயம்? நான் அந்தக் கதையை முதலில் படித்தபோது பல நாள் காபி டம்ளரைக் கையில் எடுத்தால் ஒரு நொடி உள்ளே பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். உங்கள் ஆறு வரியோடு இதை முதல்முறை படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு நொடி கிடைக்காது.

இதை ஏதோ வெளிநாட்டு நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். விக்கிரமாதித்தன் கதையை அம்புலிமாமாவில் படித்துத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், வாயைத் திறந்து சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். பழைய வேதாளக் கதைகளின் கடைசிக் கதையை நினைத்துப் பாருங்கள். ஓர் அப்பனும் மகனும் மணலில் இரண்டு பெண்களின் கால்தடத்தைப் பார்த்து, பெரிய காலுக்குரியவள் அப்பனுக்கு, சின்னக் காலுக்குரியவள் மகனுக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அந்த இருவரும் தாயும் மகளும், மகளுக்குத்தான் பெரிய கால். சொன்ன சொல்படி அப்பன் மகளைக் கட்டுகிறான், மகன் தாயைக் கட்டுகிறான். இவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். விடை சொன்ன கதையெல்லாம் தோளை விட்டுப் பறந்துபோயிற்று, விடை இல்லாத கதைதான் தோளிலேயே தங்கியது. எந்தக் காலத்திலோ ஒருவருக்குத் தெரிந்திருந்த இந்த விஷயம் இவ்வளவு படித்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

என் ஆச்சியைப் பற்றியும் சொல்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் தார்சாவில் கரண்ட் போன ராத்திரிகளில் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகப் படுத்திருப்போம், அரிக்கேன் விளக்கைத் திரி தாழ்த்தி வைத்துவிட்டு ஆச்சி கதை சொல்லுவாள். அவளுடைய அண்ணன் வீரவநல்லூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ராத்திரி வண்டியில் வருகிறார். கல்லிடைக்குறிச்சி தாண்டுவதற்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் மாடுகள் நின்றுவிடுகின்றன, தட்டினாலும் நகரவில்லை. மரத்தடியில் ஒருத்தி நின்றுகொண்டு கொஞ்சம் சுண்ணாம்பு தருவீர்களா என்று கேட்கிறாள். இந்த மாதிரி வேளையில் சுண்ணாம்பைக் கையால் கொடுக்கக் கூடாது, இரும்பில்தான் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அரிவாள் நுனியில் தடவி நீட்டுகிறார். எடுத்துக்கொண்டாள். மாடுகள் நடந்தன. வீடு வந்து விடிந்தபிறகு பார்த்தால் அரிவாள் நுனியில் தடவின சுண்ணாம்பு அப்படியே காய்ந்து இருக்கிறது, ஆனால் மடியில் இருந்த கரண்டகம், சுண்ணாம்பு வைக்கிற சின்ன டப்பா, வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருக்கிறது.

“அப்புறம் ஆச்சி?” என்று கேட்போம். “அப்புறம் என்னட்டி, விடிஞ்சிட்டு” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. யார் அவள், எப்போது எடுத்தாள், மடிக்குள் கை போனது அவருக்குத் தெரியாதா என்று எத்தனை நாள் கேட்டிருக்கிறோம். சொல்ல மாட்டாள். எனக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், எல்லாம் மறந்துபோயிற்று, அந்தக் காலிக் கரண்டகம் மட்டும் மறக்கவில்லை. ஆச்சி போனபிறகு அந்தப் பித்தளைக் கரண்டகம் என்னிடம் வந்தது, பீரோவில்தான் இருக்கிறது. அதில் சுண்ணாம்பு வைத்ததில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்தக் கதையை எழுதி உங்களுக்குத்தான் அனுப்பினேன். பிரசுரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் கடைசியில் என்னைக் கேட்காமல் ஒரு பத்தி சேர்த்தீர்கள். வண்டிக்காரர் குடிபோதையில் இருந்தாராம், அந்தப் பெண் பக்கத்து ஊர்த் திருடியாம். என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்துவிட்டு, “எங்க மாமா குடிகாரராட்டி?” என்று கேட்டாள். அவர் தன் வாழ்நாளில் வெற்றிலையைத் தவிர வேறு எதையும் தொட்டவரில்லை. நான் எழுதவில்லை அம்மா, அவர்கள் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். உன் பேர்தானே போட்டிருக்கிறது என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அது வெளிவரவும் இல்லை, பதிலும் இல்லை. அம்மாவும் போய்விட்டாள், அந்தச் சந்தேகத்தோடுதான் போனாளோ என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதற்கும் முன்னால் நீங்கள் போட்ட பங்களாத் தொடரையும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு கடையில் கட்டுப் பிரிக்கும்போதே போய் நிற்பேன். மாடி அறையில் ஊஞ்சல் தானாக ஆடுகிறது, கொலுசுச் சத்தம் கேட்கிறது, ஆறு மாதம் அப்படி எழுதிவிட்டு கடைசி வாரத்தில் சொத்துக்காக மானேஜர் கயிறு கட்டி ஆட்டினார் என்று முடித்தீர்கள். ஆறு மாதப் பயத்தையும் ஒரு கயிற்றில் கட்டிவிட்டீர்கள். அந்தத் தொடரை நான் திரும்ப எடுத்துப் படிக்கவே இல்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எண்ணிக்கை இல்லை. நள்ளிரவில் எங்கிருந்து என்று தெரியாமல் வீட்டில் எழும் அந்த நாற்றம் என்ன, வேலைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெண் யார், எல்லாமே அந்த எழுத்தாளனின் தூங்காத மூளையா, ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒவ்வொன்று தோன்றுகிறது. உங்கள் மேஜைக்கு வந்திருந்தால் அதற்கும் ஒரு பத்தி சேர்த்திருப்பீர்களோ என்று நினைக்கும்போது உண்மையாகவே பதறுகிறது.

ஆஸ்திரேலியாவில் ஜோன் லிண்ட்சே என்ற அம்மாள் 1967-இல் ஒரு நாவல் எழுதினார். 1900 பிப்ரவரி 14 அன்று ஹேங்கிங் ராக் என்ற பாறைக்கு உல்லாசப் பயணம் போன பள்ளிக்கூடப் பெண்களில் மூன்று பேரும் ஓர் ஆசிரியையும் காணாமல் போகிறார்கள். ஒருத்தி மட்டும் சில நாள் கழித்துக் கிடைக்கிறாள், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நாவலில் இல்லை. எழுதியவர் என்னவோ விளக்கமாகக் கடைசி அத்தியாயம் ஒன்று எழுதித்தான் கொடுத்தார், பதிப்பகத்தில்தான் அது வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார்கள். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1987-இல் அது தனியாக வெளிவந்தது. அது இல்லாமலே இருபது வருடம் ஜனங்கள் அந்தப் பாறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே பதிப்பகத்தார் இருந்த முடிவை எடுத்தார்கள், இங்கே நீங்கள் இல்லாத முடிவை ஒட்டுகிறீர்கள்.

விடை தெரியாமல் படித்து முடித்தால் வாசகர்களுக்கு எரிச்சல் வரும் என்று நினைக்கிறீர்கள். வரட்டுமே. அந்த எரிச்சலோடுதான் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம், அடுப்படியில் ஒரு பாத்திரம் நகர்ந்தால் காதைத் தீட்டிக்கொள்கிறோம், மறுநாள் இன்னொருத்தரிடம் சொல்லி உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறோம். எங்கள் தார்சாவில் படுத்திருந்த பிள்ளைகளில் நாலு பேர் இப்போதும் இருக்கிறோம். கல்யாண வீட்டில் சந்தித்தால் கூட அந்தச் சுண்ணாம்பைப் பற்றிப் பேசாமல் பிரிந்ததில்லை. மூத்தவர் ஒன்று சொல்வார், என் தங்கை அதெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வருவாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் எந்த மூலையிலாவது, கட்டம் கூட வேண்டாம், ஹெர்னின் கதை மூன்று பேரும் சுவர்ப்பக்கம் தாவும் இடத்தில் அறுந்துபோகிறது, மற்றது எங்களுடையது என்று ஒரு வரி போடுங்கள். சிறப்பிதழைப் புத்தகமாகக் கொண்டுவரப் போவதாக விளம்பரம் பார்த்தேன், அதில் அந்த ஆறு வரியை எடுத்துவிடுங்கள். பழைய கதைகளையும் சேர்ப்பதாக இருந்தால் என்னுடையதன் கடைசிப் பத்தியையும் எடுத்துவிடுங்கள், ‘விடிஞ்சிட்டு’ என்பதோடு நிற்கட்டும். எடுக்க முடியாது என்றால் என் கதையே வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் முழுதாகப் பிரசுரியுங்கள், சுருக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
அம்பாசமுத்திரம்.