யமுனையைப் படமெடுக்கும் என் அண்ணன் மகளுக்கு

கண்மணி,

கண்காட்சிக்கு நீ அனுப்பவிருக்கும் படங்களைப் பார்த்தேன். டெல்லியில் யமுனைக்கரையிலுள்ள காளிந்தி குஞ்சில், இடுப்பளவு வெள்ளை நுரைக்குள் நின்று சூரியனைக் கும்பிடும் பெண். அழகான படம். அந்த அழகுதான் எனக்கு உறுத்துகிறது. ஓக்லா அணையிலிருந்து விழும் தண்ணீரில் சோப்புத்தூளும் கழிவும் கலந்து பொங்கிய நுரை அது. பார்ப்பவர்கள் பனி என்று நினைத்து ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வஜீராபாத்துக்குப் போய் எடு. டெல்லி குடிப்பதற்கான தண்ணீரை அங்கேதான் அணை கட்டி எடுத்துக்கொள்கிறார்கள். அணையைத் தாண்டியதும் நஜஃப்கர் சாக்கடை வந்து சேருகிறது. கோடையில் அதற்குக் கீழே ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். சாக்கடை என்று நானும் எழுதிவிட்டேன், பார். அது ராஜஸ்தானில் ஆரவல்லி மலையில் பிறந்த சாஹிபி ஆறு. இங்கே யாரைக் கேட்டாலும் இந்தியில் 'நாலா', அதாவது சாக்கடை, என்பார்கள். நம் கூவம் எவ்வளவு நாறினாலும் பெயராவது மிஞ்சியிருக்கிறது. சாஹிபிக்கு அதுவும் இல்லை.

புகைப்படக் கலைஞர் ரவி அகர்வாலின் படங்களைத் தேடிப் பார். 2007-இல் அவர் யமுனைக்கரை வயல்களில் செண்டுமல்லி பயிரிடுகிறவர்களைப் படமெடுத்தார். அங்கே பூத்தது சந்தைக்குப் போய், கோயிலுக்குப் போய், மறுபடி ஆற்றுக்கே வருகிறது. எப்படி வருகிறது என்பதை நேற்று நிஜாமுதீன் பாலத்தில் பார்த்தேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கினார். கம்பிவலையில் யாரோ வெட்டி வைத்திருந்த ஓட்டை வழியே, வாடிய செண்டுமல்லி மாலையை பாலிதீன் பையோடு திணித்துத் தள்ளினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். அவருடைய பக்தியில் பொய்யே இல்லை. எனக்கு நெஞ்சை அடைத்தது.

2023 ஜூலை வெள்ளத்தில் ஆறு கடல் மட்டத்துக்கு மேல் 208.66 மீட்டருக்கு ஏறியது நினைவிருக்கிறதா? தண்ணீர் செங்கோட்டை மதில்வரை வந்தது. மொகலாயர் காலத்தில் ஆறு அந்த மதிலை ஒட்டித்தான் ஓடியது. அந்த 2023 வெள்ளத்தின்போது கரையோர விவசாயிகள் எருமைகளோடு எங்கள் மயூர் விஹார் சாலையோரம் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்களில் ஒரு பாட்டி, நான் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் எந்த இடத்தில் கிணறு, எந்த இடத்தில் கத்தரிப் பாத்தி என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். டீ ஆறிவிட்டது. அந்த விரலை நீ எடுத்திருக்க வேண்டும்.

கரை வயல்களை ஒவ்வொன்றாகக் காலி செய்கிறார்கள். அந்தப் பாட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறார். கண்காட்சியைத் தள்ளிப்போட முடியுமென்றால் தள்ளிப்போடு. இந்த மாதமே கிளம்பி வா. ஒரு நோட்டும் எடுத்து வா.

உன் அத்தை