பெரம்பூர் கிட்டார்

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உங்கப்பா காரியம் முடிந்து பஸ் ஏறும்போது "போனதும் எழுதுறேம்லே" என்று சொன்னவன் நான்தான். அது மனசில் முள்ளாகவே கிடந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் நாலாம் வகுப்பு போகிறாள். போன மாதம் எழும்பூரில் நம்ம கூட்டாளி கோழியைப் பார்த்தேன். இன்னும் அதே கோழிதான், அதே ரெக்சின் பை. உன் நூறு ரூபாயைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிட்டார் வாங்கிவிட்டேன். பழையது.

பெரம்பூரில் ஒரு பெரியவர், ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 76. 1980இல் அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சிதம்பரம் என்ற கப்பலில் கொண்டுவந்து கொடுத்த யமஹா. 8,500 ரூபாய் சொன்னார், நான் பேரம் பேசவில்லை. ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். லேபிளில் மாடல் எண் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. "நிப்பான் காக்கி" என்ற பெயரும் "மேட் இன் தைவான்" என்பதும் மட்டும் தப்பியிருக்கின்றன. யமஹா கம்பெனி 1987 வரைக்கும் நிப்பான் காக்கி என்ற பெயரில்தான் இருந்தது. ஆக, பெரியவர் சொல்லும் வருஷம் பொருந்தி வருகிறது.

அவர் வீட்டில் இருந்தது அரை மணி நேரம். விரிசல் இருக்கிறதா, கம்பி முறுக்கும் ஆறு கீயும் திரும்புகிறதா, கம்பிகளை மாட்டும் பிரிட்ஜ் பலகையை விட்டுத் தூக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை. பணத்தைக் கொடுத்துப் பெட்டியை மூடப் போகும்போது பெரியவர், "ஒரு நிமிஷம் தம்பி" என்று கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. இரண்டு விரலை வைத்து ஈ மைனர் கார்டு பிடித்து ஒரே ஒரு தடவை மேலிருந்து கீழே இழுத்தார். சத்தம் அடங்கும் வரை தலையைக் குனிந்தே இருந்தார். அப்புறம் அவரே பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தார். அந்த நேரத்தில் நான் ஸ்கேலை எடுத்து அளந்துகொண்டிருக்க முடியுமா, நீயே சொல்.

வீட்டுக்கு வந்துதான் முழுசாகப் பார்த்தேன். முதலில் ஃப்ரெட்டுகள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள். ஒன்று, இரண்டு, மூன்றாம் ஃப்ரெட்டுகளில் மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே எல்லாம் புதுசு மாதிரி பளபளக்கிறது. சி, டி, ஜி, ஏ மைனர் என்று கோயில் பாட்டுக்கும் கல்யாண வீட்டுப் பாட்டுக்கும் துணையாகவே வாசித்திருக்கிறார் மனுஷன். கழுத்தின் பின்பக்கம் கட்டை விரல் பட்ட இடத்தில் வார்னிஷ் போய் மரம் வழவழவென்று இருக்கிறது. அங்கே என் விரலை வைத்தால் வேறு யாருடைய செருப்பிலோ கால் நுழைத்த மாதிரி ஒரு கூச்சம்.

மேல்பலகை பிளைவுட்தான். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தால் மேலே ஓடும் நார் வரி விளிம்பில் இறங்கி வரவில்லை, மூன்று அடுக்காகத் தெரிகிறது. நீ உடனே முகத்தைச் சுளிப்பாய். ஆனால் மெட்ராஸ் ஈரத்துக்கு இதுவே நல்லது என்பேன். ஒற்றைப் பலகையாக இருந்தால் மழைக்கு உப்பியும் ஏசிக்குக் காய்ந்தும் இந்நேரம் வெடித்திருக்கும்.

அப்புறம் விரல் முட்டியால் மேல்பலகை முழுக்கத் தட்டினேன். எல்லா இடத்திலும் சுத்தமான சத்தம், ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிர்ரென்று ஓர் அதிர்வு. கைக்கண்ணாடியை உள்ளே விட்டு, போன் டார்ச்சில் பார்த்தேன். எக்ஸ் வடிவப் பெரிய சட்டங்கள் இரண்டும் உறுதி. ஓரத்தில் இருக்கும் சின்னச் சட்டம் ஒன்றின் நுனி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பசை விட்டிருக்கிறது. அதை மரப்பசை வைத்து ஒரு ராத்திரி இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும். பிரிட்ஜுக்குப் பின்னால் கொஞ்சம் தொப்பை. 45 வருஷத்துக்கு இது நியாயம்தான். 12-53 தடிமன் செட் கம்பி போட்டு முழுச் சுதிக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 73 கிலோ இழுவை, மக்கா. ஒரு ஆளைப் பிரிட்ஜில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அந்தப் பாரத்தோடு பீரோ மேலே பெட்டிக்குள் பத்து வருஷம் கிடந்திருக்கிறது, யாரும் கம்பியைத் தளர்த்தி வைக்கவில்லை.

இனிமேல்தான் கவலை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் அளந்தேன். தடித்த ஈ கம்பி 3.6 மில்லிமீட்டர், மெல்லிய ஈ 2.9. தடித்ததற்கு 2.5, மெல்லியதற்கு 2 இருந்தால் சுகமாக வாசிக்கலாம். இதில் எஃப் கார்டு பிடித்தால் ஹாஸ்டலில் முதல் மாதம் விரல் புண்ணான கதைதான்.

முதலில் கழுத்து வளைந்திருக்கும் என்று நினைத்தேன். முதல் ஃப்ரெட்டையும் உடம்போடு சேரும் பதினாலாம் ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளி பார்த்தேன். 0.4 இருந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, ட்ரஸ் ராடை, கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பார்த்தால் 0.25க்கு வந்துவிட்டது. அழகாக வேலை செய்கிறது. ஆனால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கால் மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. சரி, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்க்கலாம் என்றால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க இங்கே இரண்டு தேய்க்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே சேடில் தெரிவதே இரண்டுதான். ஏற்கெனவே யாரோ தேய்த்து முடித்திருக்கிறார்கள்.

கடைசியாக ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் நீளமாக வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளினேன். முனை பிரிட்ஜின் மேல் விளிம்பில் வந்து உட்கார வேண்டும். இடித்து நின்றது, விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே. கழுத்தின் சாய்வு மாறிவிட்டது, மக்கா. கழுத்து நேராகத்தான் இருக்கிறது, உடம்போடு சேரும் மூட்டில்தான் முன்னால் சாய்ந்திருக்கிறது. ட்ரஸ் ராடு எவ்வளவு திருகினாலும் அந்த மூட்டை ஒன்றும் செய்யாது. எவ்வளவு விலை கொடுத்த கிட்டாராக இருந்தாலும் இரும்புக் கம்பியின் இழுவையில் வயசானால் இது வரத்தான் செய்யும். தெரிந்தும், ஸ்கேல் இடித்து நின்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் நல்ல வேலைக்காரர். பதினைந்தாம் ஃப்ரெட்டைக் கழற்றி, துளை போட்டு, மூட்டுக்குள் ஆவி விட்டுப் பசையை இளக்கி, கழுத்தை எடுத்து அடிப்பாகத்தைச் செதுக்கித் திரும்ப உட்கார வைக்கலாம் என்றார். கூலி 14,000. கிட்டார் விலையைவிட அதிகம் என்று அவரே தயங்கிச் சொன்னார். இன்னொருவர் பார்த்ததும், "வெளியிலிருந்து ஒரு போல்ட் அடித்து இழுத்துடலாம் சார், ஆயிரம் ரூபா" என்றார். கிட்டாரைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோபம் இரண்டு நாள் அடங்கவில்லை. இத்தனை வருஷம் ஒருத்தர் கட்டை விரலால் வழவழப்பாக்கி வைத்த மரத்தில் துளை போட்டு போல்ட் அடிப்பதா?

அன்றைக்கு ராத்திரி முழுக்க அப்பா நினைவுதான். ஹாஸ்டலில் உன் கிட்டாரின் பிளாஸ்டிக் சேடில் பிளந்துபோய், நீ அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாயே. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து எருமைக் கொம்பில் ஒரு துண்டு அறுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நாம் இரண்டு பேரும் பசியோடு காத்திருந்தோம். அவர் பாட்டுக்குத் தேய்ப்பதும், விளக்குக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தார். கிட்டார் என்றால் என்ன என்றே தெரியாத மனுஷன், அடிப்பக்கம் காடியில் ஒட்ட உட்காராவிட்டால் சத்தம் இறங்காது என்று தானாகவே கண்டுபிடித்தார். பீடி சுற்றும் நூலைக் கீழே வைத்து இழுத்துப் பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சேடில் போட்ட பிறகுதான் உன் கிட்டாருக்குத் தொண்டை திறந்தது.

ஒன்று கேட்க வேண்டும் என்று ஏழு மாதமாக நினைக்கிறேன், அங்கே வைத்துக் கேட்க முடியவில்லை. உன் அறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று தங்கச்சிதான் மெதுவாகச் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், லே. பணம் இருந்திருக்கும், இல்லாவிட்டால் புரட்டியிருப்பேன். இதை எழுதும்போதும் உன்மேல் கோபம்தான் வருகிறது. பெரம்பூரில் அந்தப் பெட்டியைத் திறந்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்த ஆணிதான். ஆகவே இதில் பாதி உன்னுடையது. மறுத்து எழுதாதே.

நான் நினைத்திருப்பது இதுதான். இப்போதைக்கு ஆவியும் வேண்டாம், போல்ட்டும் வேண்டாம். கொஞ்சம் மெல்லிய 11-52 செட் போடலாம். அதையும் அரைச் சுதி இறக்கிக் கட்டினால் இழுவை நூற்றுக்குப் பதினொன்று இன்னும் குறையும். வேண்டும்போது முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்தும் கிளிப்பை, கேப்போவை, போட்டால் பழைய சுதி வந்துவிடும், விரலுக்கும் இதம். கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் ஏறும் நட்டில் காடிகள் கொஞ்சம் மேலாக இருக்கின்றன, அதையும் இறக்க இடம் உண்டு. சேடிலில் அரை மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, எலும்பில் புதிதாக ஒன்று செய்து பொருத்த வேண்டும். எல்லாம் சேர்த்து தடித்த கம்பி 3.2க்கு வந்தால் போதும், வாசித்துவிடலாம். ஐந்தாறு வருஷம் கழித்துச் சாய்வு இன்னும் இறங்கினால், அப்போது அந்த நல்ல வேலைக்காரரிடம் போவோம். என் கணக்கு தப்பு என்றால் நீ சொல். மூட்டு பார்க்கிற கண் உனக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

எலும்புத் துண்டு வாங்கி வைத்துவிட்டேன். அப்பாவின் சின்ன அரம் இரண்டும் பட்டறையில்தானே இருக்கின்றன? கிறிஸ்துமஸ் லீவுக்கு எடுத்துக்கொண்டு வா. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல், காலையில் எழும்பூரில் நிற்பேன். அதுவரைக்கும் ஆறு கம்பியையும் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

பிரியமுடன்,
உன் கட்டில் பக்கத்துக் கட்டில்

பி.கு.: கோழியையும் வரச் சொல்லட்டுமா? நூறு ரூபாயோடு.