எங்கள் பதிவை முடித்துவைத்தவருக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி

வெள்ளத்தில் வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட என் பெற்றோரை மீட்க உதவி கேட்டு நான் இணையத்தில் இட்ட பதிவைப் படித்தவர்களுக்கும், பகிர்ந்தவர்களுக்கும், அழைத்து விசாரித்தவர்களுக்கும் வணக்கம்.

அம்மாவும் அப்பாவும் நலமாக இருக்கிறார்கள். நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அந்த இரவு முழுவதும் கண்விழித்திருந்தவர்கள் நீங்கள். படகில் வந்தவர்கள், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள், குவிந்த பதிவுகளைத் தரம்பிரித்துப் பட்டியலிட்டவர்கள், வரைபடத்தில் இடம் குறித்தவர்கள் என உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தன்னார்வலர் குழுவைச் சேர்ந்த அந்தப் பெண்மணிதான், வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அப்பாவின் ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். பெற்றோர் முகாமுக்கு வந்து சேர்ந்தபின், நான் சற்றும் எதிர்பாராமல் அவரே மீண்டும் அழைத்தார். இருவரும் சாப்பிட்டார்களா என்று விசாரித்துவிட்டு, "உங்கள் பதிவில் 'மீட்கப்பட்டுவிட்டார்கள்' என்று நேரத்தோடு எழுதிவிடுங்கள், தொலைபேசி எண்ணை எடுத்துவிடுங்கள். அந்தப் பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பி இன்னொரு படகு அங்கே போய்விடக் கூடாது" என்றார்.

என் பதிவின் ஸ்கிரீன்ஷாட் தேதியில்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் பரவியிருந்ததையும், ஒன்றில் கதவு எண் மாறிப்போனதால் எங்கள் ஒரே வீடு பட்டியலில் இரண்டு வீடுகளாகப் பதிவாகியிருந்ததையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். பட்டியலின் அந்த இரண்டு வரிகளையும் ஒன்றாக்கி, மீட்பு முடிந்ததன் அடையாளமாகப் பச்சை நிறமிட்ட பிறகே அவர் அழைப்பை முடித்தார். எங்களைக் காப்பாற்றிய அதே அக்கறை, எங்களுக்குப் பின்னால் காத்திருந்த யாரோ ஒருவருக்காகவும் அந்த நேரத்தில் விழித்திருந்தது.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, உதவி கேட்டு 4636 என்ற எண்ணுக்கு வந்த குறுஞ்செய்திகளை வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டி மக்கள் தங்கள் கிரியோல் மொழியிலிருந்து மொழிபெயர்த்துத் தந்தார்கள் என்றும், மக்கள் அனுப்பும் தகவல்களை வரைபடத்தில் காட்டும் உஷாஹிடி என்ற இணையதளத்தில் அவை இடம் குறிக்கப்பட்டன என்றும் பின்னர் படித்தேன். இன்று பதிவுகளை வகைபிரிக்கக் கணினியும் உதவுகிறது. ஆனாலும் பெரும்பாலான பதிவுகளில் இருப்பிடக் குறியீடு இருப்பதில்லை. 'பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம்' என்று பதற்றத்தில் எழுதியவரிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்க ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. அலைபேசியில் சார்ஜ் தீர்ந்தவர்களும், பதிவிடத் தெரியாத முதியவர்களும் எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை. அதனால்தானோ என்னவோ, பக்கத்து வீடுகளில் யாராவது தனியாக இருக்கிறார்களா என்றும் அந்தப் பெண்மணி முதல் அழைப்பிலேயே கேட்டிருந்தார்.

உங்கள் குழுவில் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மீட்கப்பட்டவர்களை மறுபடி அழைத்து, அவர்களுடைய பதிவுகளை முடித்துவைக்கும் வேலையை எனக்குத் தாருங்கள். அடுத்த மழைக்கு முன் பயிற்சி தருவதானால், எந்த நேரமானாலும் வந்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
உங்களால் மீண்ட பெற்றோரின் மகன்