லூசெர்னில் பார்த்த சிங்கம்

அன்புள்ள மல்லிகா,

முட்டியில் ஊசி போட்ட பிறகு கைப்பிடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! பேத்திக்குக் காலேஜில் இடம் கிடைத்ததையும் இவரிடம் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார். ஐரோப்பா டூர் பற்றி எல்லாம் எழுது என்று கேட்டிருந்தாய். ஊர் ஊராகப் போன கதையை நேரில் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் டிட்லிஸ் மலைக்கும் லூசெர்னுக்கும் போன ஒரு நாளைப் பற்றி மட்டும் இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

காலை ஏழு மணிக்கே பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள். டூர் மேனேஜர் இப்படி விரட்டுகிறாரே என்று முதலில் சிலர் முணுமுணுத்தார்கள், அவர் காரணம் சொன்னதும் அடங்கிவிட்டார்கள். அங்கே டிரைவர் இஷ்டத்துக்கு வண்டி ஓட்ட முடியாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும், மொத்தத்தில் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் பொதுவான கணக்கு. டாக்கோகிராஃப் என்று வண்டிக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது, அது ஓட்டிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிவு செய்துகொண்டே வரும், போலீஸ் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் எரிய எரிய ஓட்டுகிற நம் ஊர் ஆம்னி பஸ் டிரைவர்களை நினைத்துக்கொண்டேன். இந்தச் சட்டம் நமக்கும் வேண்டும், மல்லிகா, அதுவும் கறாராக வேண்டும்.

முதலில் எங்கெல்பெர்க். 1120இல் கட்டிய ஒரு மடம் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறது, பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். அங்கிருந்து கேபிள் காரில் மேலே போக வேண்டும். கீழே பசும்புல், மாட்டுக் கழுத்து மணிச் சத்தம், அப்புறம் ட்ரூப்ஸே என்று ஒரு ஏரி, அதற்கு மேலே வெறும் பாறையும் பனியும். கடைசிக் கட்டத்தில் ஏறுகிற கேபிள் கார் மேலே போகப் போகத் தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும், இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு நாலு திசையும் பார்க்கலாம். 1992இல் இது வந்தபோது உலகத்திலேயே முதல் சுழலும் கேபிள் கார் இதுதானாம். இறங்குகிற நிலையம் 3,020 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேக வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், நீ வந்தால் மெதுவாக நடந்தால் போதும், உள்ளே லிஃப்ட் எல்லாம் இருக்கிறது. வெளியே ஒரு இந்திப் படக் கதாநாயகன் நாயகியின் ஆளுயர அட்டை வைத்திருக்கிறார்கள், நம் ஆட்கள் அங்கே வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிட மனசில் நின்றது பனியாற்றின் மேல் விரித்திருந்த வெள்ளைத் துணிதான். கோடையில் பனி உருகாமல் இருக்கக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்தி வைக்கிறார்கள். 2022, 2023 இரண்டே வருடங்களில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. அந்தத் துணியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லூசெர்ன். ரியூஸ் ஆற்றின் மேல் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது, 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. கூரைச் சட்டங்களுக்கு நடுவில் முக்கோணப் பலகைகளில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வரிசையாக இருந்திருக்கின்றன. 1993 ஆகஸ்டில் ஒரு ராத்திரி தீப்பிடித்து பாலத்தின் பெரும்பகுதியும் ஓவியங்களில் முக்கால்வாசியும் எரிந்துபோயின. பாலத்தை அடுத்த வருடமே கட்டித் திறந்துவிட்டார்கள், போன ஓவியம் போனதுதான். நடந்துகொண்டே தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஓவியம் இருக்க வேண்டிய பல இடங்கள் காலியாக இருக்கின்றன.

இப்போது சிங்கத்துக்கு வருகிறேன். ஊருக்குள்ளேயே ஒரு பழைய கல்குவாரி, அதன் செங்குத்தான பாறைச் சுவரைக் குடைந்து ஒரு பெரிய சிங்கத்தைச் செதுக்கியிருக்கிறார்கள், முன்னால் ஒரு சின்னக் குளம். சிங்கம் செத்துக்கொண்டிருக்கிறது. விலாவில் ஈட்டி குத்தி முறிந்து நிற்கிறது, தலை ஒரு கேடயத்தின் மேல் சாய்ந்திருக்கிறது, முன்னங்கால் அந்தக் கேடயத்தை விடாமல் அணைத்திருக்கிறது. கேடயத்தில் இருப்பது பிரெஞ்சு ராஜாவின் லில்லிப் பூச் சின்னம். சுவிட்சர்லாந்தின் சிலுவை போட்ட கேடயம் பக்கத்தில் தனியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சாகும்போதும் அது காப்பாற்றுவது இன்னொருவனுடைய சின்னத்தை.

1792 ஆகஸ்ட் 10ஆம் தேதி பாரிஸில் புரட்சிக்காரர்கள் அரண்மனைக்குள் புகுந்தபோது காவலுக்கு இருந்தது சுவிஸ் கூலிப்படை. ராஜா பதினாறாம் லூயி குடும்பத்தோடு முன்பே வெளியேறிவிட்டார். காவலர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று அவரிடமிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது. அதற்குள் ஏகப்பட்ட பேர் செத்தாகிவிட்டது, சரணடைந்தவர்களையும் வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். சிங்கத்துக்குக் கீழே ரோமன் எண்களில் செத்தவர்கள் சுமார் 760, தப்பியவர்கள் சுமார் 350 என்று செதுக்கியிருக்கிறது. அதிகாரிகளுக்குப் பெயர் போட்டிருக்கிறது, சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை மட்டும்தான். அன்றைக்கு லீவில் லூசெர்னுக்கு வந்திருந்ததால் உயிர் பிழைத்த ஓர் அதிகாரிதான் முன்னின்று பணம் திரட்டி, தோர்வால்ட்சன் என்ற டென்மார்க் சிற்பியிடம் வடிவம் வாங்கி, 1821இல் இதைச் செய்து முடிக்க வைத்தாராம்.

எங்கள் டூர் மேனேஜர் சிங்கத்துக்கு இருபது நிமிடம்தான் கொடுத்தார், கைக்கடிகாரக் கடைகள் இருக்கிற சதுக்கத்தில் ஒன்றரை மணி நேரம். எனக்கு இதில் ரொம்ப வருத்தம். கடை வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் திரும்ப நடந்தே சிங்கத்திடம் போய்விட்டோம்.

உன்னைத்தான் அங்கே நினைத்தேன். இன்றைக்குப் பணக்கார நாடு என்று நாம் வாயைப் பிளக்கிற சுவிட்சர்லாந்து ஒரு காலத்தில் விளைநிலம் போதாமல் பிள்ளைகளை ஊரூராகப் பட்டாளத்துக்கு அனுப்பிப் பிழைத்த நாடு. ஒரு ராஜா சம்பளம் கொடுத்தால் அவனுக்காகச் சாக வேண்டும், ஊருக்குப் பணம் வரும். 1859இல் சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள், இன்று மிச்சம் இருப்பது வாட்டிகனில் போப்பாண்டவருக்குக் காவல் நிற்கிற சுவிஸ் படை மட்டும்தான். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிற கம்மவான்பேட்டையில் பிறந்தவள் நீ. மணியார்டர் வருகிற தேதிக்காக உங்கள் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அந்த 760 பேருக்கும் அப்படிக் காத்திருந்த ஒரு அம்மா மலைக் கிராமத்தில் இருந்திருப்பாள் இல்லையா?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் இன்னொன்று தெரிந்தது. நியூஷாட்டல் ஊர்க்காரர் ஒருவர் 1781இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் திரட்டிய 'தெ மெரோன்' என்ற சுவிஸ் படை இலங்கைக்கு வந்திருக்கிறது, 1795இல் அப்படியே ஆங்கிலேயர் பக்கம் கைமாறியிருக்கிறது, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்டிருக்கிறது! திப்பு செத்த பிறகு அவர் பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைத்தது எங்கே? நம் வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 10ஆம் தேதி அதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றினார்கள். அவர்களும் ஆங்கிலேயக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கினவர்கள்தான், நெற்றியில் இட்டதை அழி, தாடியை எடு, புதுத் தொப்பி போடு என்று சொன்னபோது பொறுக்க முடியாமல் சம்பளம் கொடுத்தவனையே எதிர்த்தார்கள். பாரிஸில் செத்த சுவிஸ்காரர்கள் கடைசிவரை எதிர்க்கவில்லை. யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் மக்கான் சந்திப்பில் அந்தச் சிப்பாய்களுக்காக நிற்கிற நம் நினைவுத் தூணை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறோம், ஒரு நாளாவது நின்று படித்திருக்கலாம் என்று இருக்கிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக் கரையில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, அந்தச் சுவிஸ் படைக்காரர்களின் கல்லறைகள் அதில் உள்ளன. டிசம்பரில் வேலூர் வருகிறேன், பெங்களூர் வழியாக ஒரு நடை போய்வரலாமா? உன் அண்ணனையும் கூட்டிக்கொள்வோம், பட்டாளத்துக்காரர் கூட வந்தால் பேச நிறைய இருக்கும். அவருக்கு எந்த வாரம் தோதுப்படும் என்று கேட்டு எழுது, டிக்கெட்டை நான் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தா