எங்கள் கூட்டத்தை மறுபடி பட்டியலில் சேருங்கள்: ஏ.ஏ. இடைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்); அதன் குழுக்களை இணைக்கும் இடைக்குழு நீங்கள். உங்கள் கூட்டப் பட்டியலிலிருந்து எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தை ஏன் எடுத்தீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வரும் இடங்களை நாங்கள் வேறு சொற்களில் வாசிக்கிறோம், முடிவில் பிரார்த்தனை சொல்வதில்லை. நாங்கள் உங்களுக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வராததால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் முன்பு ஒருவர் உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். குடியை நிறுத்தி நான்கு நாள். கை நடுக்கம் நிற்கவில்லை, தூக்கமில்லை. "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, பிரார்த்தனை இல்லாத கூட்டம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். "அப்படி எதுவும் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. வேறு வழியின்றி நீங்கள் சொன்ன கூட்டத்துக்கே போனார். கைகோத்து நின்றார்கள், இவர் வாய் திறக்கவில்லை. "அகந்தை போனால்தான் குடி போகும்" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். அன்று இரவே மறுபடி குடித்தார். ஆறு வாரம் கழித்து, யாரோ சொல்லி எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவர் தொலைபேசியில் பேசியது ஒரு வியாழக்கிழமை மாலை. அந்த நேரத்தில் நாங்கள் எட்டுப் பேர், புதிதாக யாராவது வந்தால் உட்காரட்டும் என்று ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டுக் காத்திருந்தோம்.

குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதும் என்கிறது, ஏ.ஏ. குழுக்களின் நெறிகளான பன்னிரண்டு மரபுகளில் மூன்றாம் மரபு. அதை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறீர்கள். 1939-இல் வந்த, ஏ.ஏ.வின் அடிப்படை நூலான பெரிய புத்தகத்தில் 'நாங்கள் புரிந்துகொண்டபடி' என்ற சொற்கள் கடவுளோடு சேர்ந்ததே, தொடக்க உறுப்பினர்களில் நம்பிக்கையில்லாதவர்களும் இருந்து வாதாடியதால்தான். சிகாகோவில் 1975 முதலே இப்படிப்பட்ட கூட்டங்கள் நடக்கின்றன. டொரண்டோவில் 2011-இல் நீக்கப்பட்ட கூட்டங்கள், விவகாரம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், 2017-இல்தான் பட்டியலுக்குத் திரும்பின. நமக்குள் அந்த அளவுக்குப் போக வேண்டுமா?

படிகளை நாங்கள் சுலபமாக்கிக்கொண்டோம் என்கிறீர்கள். நான்காம் படிக்காக என் குற்றங்களை ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். ஐந்தாம் படியில் அதை என் ஸ்பான்சரின் (படிகளில் எனக்கு வழிகாட்டும் உறுப்பினர்) முகத்தைப் பார்த்து வாசிக்க நான்கு மணி நேரம் ஆனது. மேலே இருந்து மன்னிக்க யாரும் இல்லை என்று நம்புகிறவனுக்கு, நாம் காயப்படுத்தியவர்களுக்கு ஈடுசெய்யச் சொல்லும் ஒன்பதாம் படியில் மகளின் எதிரே போய் நிற்பது சுலபமில்லை. படிகள் சொல்லும் 'மேலான சக்தி' எனக்கு அந்த எட்டு நாற்காலிகள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது வருடமாகக் குடிக்காமல் இருக்கிறேன்.

யாருடைய நம்பிக்கையையும் கைவிடச் சொல்லவில்லை. பிரார்த்தனையால் பிழைத்த நண்பர்கள் எனக்கு உண்டு. கோபத்தில் ஏதாவது கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: எங்கள் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் பட்டியலில் திரும்பச் சேருங்கள். உதவி எண்ணில் இருப்பவர்களிடம், இப்படியொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த வியாழனுக்குள் செய்ய முடிந்தால் நன்றியோடு இருப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒரு குடிநோயாளி